இரவு முறை, நவம்பர்

கல்லூரி பார்க்கப் போகும் பேருந்துக்கு
நாற்பது டாலர்.
கட்டாதவர்கள் பதினொரு பேர்.
எங்களை வகுப்பில் சும்மா உட்காரவைக்க முடியாதென்று
திருமதி ப்ரூயிட்
ஊர்க் கழிவுநீர் நிலையத்துக்கு அனுப்பிவைத்தார்.
அது இலவசம்.

டிரிஸ்டன் வழிநெடுக மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான்.
நானும்தான், வாசல் கதவு வரை.
பிறகு கை வலித்தது, விட்டுவிட்டேன்.
நாற்றம் என்பது முதல் பத்து நிமிடம்.
அதற்குப் பின் அது வெறும் வானிலை.

தொட்டிகளில் பழுப்பு நுரை புரண்டுகொண்டிருந்தது.
"கொதிக்கலை, காத்து ஊதுறோம்" என்றாள்
அங்கே வேலைபார்க்கும் ஒருத்தி.
என்னைவிட நாலைந்து வயது கூட இருப்பாள்,
கையில் பாதி தின்ற சாண்ட்விச்.
ஒரு சொட்டெடுத்துக் கண்ணாடிச் சில்லில் விட்டு
"பாக்கணும்னா பாருங்க" என்று நுண்ணோக்கியைக் காட்டிவிட்டு
மிச்சத்தைத் தின்னப் போய்விட்டாள்.

உயிரியலில் நான் வாங்கியது டி.

அந்தச் சொட்டுக்குள்
தண்டில் ஆடும் மணிகள்,
சக்கரம் சுழற்றும் வாய்கள்,
எட்டுக் காலில் தள்ளாடிப்போன
கரடிக்குட்டி மாதிரி ஒன்று.
எல்லாம் வேலையில் இருந்தன.
ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று
யாரும் அவற்றிடம் கேட்டிருக்கவில்லை.
ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.
நான் கடைசியாக ஏறினேன்.

அம்மா தன் அக்கா டோரீனிடம் தொலைபேசியில்
"டெலனி தண்ணீர்த் துறைக்குப் போறா" என்றாள்.
பொய்யில்லை.
அப்பா ஒரு பழைய உறையின் முதுகில் கணக்குப் போட்டார்:
இந்தப் பக்கம் நான்கு வருடம், கடன், வட்டி,
அந்தப் பக்கம் மணிக்குப் பத்தொன்பது டாலர்.
கூட்டி முடித்து
உறையைக் கவிழ்த்து வைத்தார்.
விடை பிடித்த மாதிரியும் இல்லை,
தப்பென்று சொல்ல வழியும் இல்லை.

மே முதல் தேதி
எல்லாரும் அவரவர் கல்லூரிச் சட்டையில் வந்தார்கள்.
நான் பச்சையில் ஒன்று போட்டிருந்தேன், எழுத்தில்லாமல்.
"இது எது?" என்றாள் ப்ரின்.
"சட்டை" என்றேன்.

உரிமத் தேர்வில் முதல் தடவை
இரண்டு மதிப்பெண்ணில் தோற்றேன்.
அதையும் எழுதிவிட வேண்டும்.
அன்றைக்குக் காரை விட்டு இறங்காமல்
ப்ரின்னின் விடுதி அறைப் படங்களை
ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
சரமாய்ச் சின்ன விளக்குகள். ஜன்னலில் ஒரு செடி.
பொறாமைக்கு நாற்றம் கிடையாது,
அதனால் பழகிப்போவதும் இல்லை.

இப்போது இரவு முறை.
ஈரி ஏரிக் காற்று கதவிடுக்கில் விசிலடிக்கிறது.
திரையில் ஒரு பச்சைக் கோடு:
ஆஷ்டபுலா முழுவதும் என்னிடம் வந்துசேரும் வேகம்.
இரண்டு மாதமாக அதைத்தான் படிக்கிறேன்.
நாலரைக்கு ரொட்டிக்கடை ஆட்கள் எழுந்தாயிற்று.
வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் இடைவேளையில்
ஊரே ஒன்றாக எழுந்து போகிறது,
நீதிபதியும், அவர் தண்டித்தவனும்.

நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய இரவு
பதினொன்றுக்கு மேல் படுக்க வேண்டிய கோடு
படுக்கவில்லை.
பன்னிரண்டு. ஒன்று.
பம்பு பழுதோ என்று
டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். பழுதில்லை.
திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது:
வந்துவிட்டார்கள்.
கொலம்பஸிலிருந்தும் பிட்ஸ்பர்க்கிலிருந்தும்
அழுக்குத்துணி மூட்டைகளோடு.
தங்கள் பழைய குளியலறைகளில்
யாரும் கதவைத் தட்டாத சுடுநீரில்
வெகுநேரம் நிற்கிறார்கள்.
ப்ரின்னும் இருப்பாள்.

பதிவேட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
"விருந்தினர்" என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
"ஊர்க்காரர்கள்" என்று எழுதினேன்.
பிறகு மூன்றாம் தொட்டிக்கு
காற்றைக் கொஞ்சம் கூட்டினேன்.