அடிபம்புக்கு இரண்டு கை வேண்டும்

புதுவயல் அரிசி ஆலைகளின் புகை
கரியாய் இறங்கும் தெரு எங்களுடையது.
திருநீற்றுப் புதனன்று நெற்றியில் வாங்கிய சிலுவையில்
எது சாமியார் வைத்தது, எது உமி எரிந்து வந்தது,
வீடு சேர்வதற்குள் தெரியாமல் போய்விடும்.

"நாற்பது நாள். எதையாவது விட்டுவிடுங்கள்"
என்றார் பங்குச் சாமியார்.
பிரகாசி மீனை விட்டாள்.
அவள் புருஷன் மதலைமுத்து பீடியை விட்டு
மூன்றாம் நாள் ஆலைச் சுவருக்குப் பின்னால் இருமினான்.
நானும் யோசித்துப் பார்த்தேன்.
மீன் வாங்கியே பல நாளாச்சு.
விடுவதற்கு என்னிடம் இருந்தது
வள்ளிக்கண்ணுமேல் உள்ள கோபம் ஒன்றுதான்.
அதை விடுவதாக இல்லை.

பதினோரு மாதக் கோபம்.
அவள் காயவைத்த கூழ்வற்றலை என் ஆடு தின்றது.
ஆட்டைத் திட்டியிருக்கலாம்.
ஆட்டை வளர்த்தவளின் பிறப்பைத் திட்டினாள்,
தெரு முழுக்கக் கேட்க.

எங்கள் அடிபம்பில்
விடியுமுன் ஒரு மணி நேரம் தண்ணீர் ஏறும், ஒருநாள் விட்டு ஒருநாள்.
பிறகு வெறும் காற்று, விக்கல் மாதிரி.
குடங்கள் ராத்திரியே வரிசைக்கு வந்துவிடும்.
ஆளில்லாத குடத்தைக் காலால் ஒதுக்கலாம்,
அது தெருச் சட்டம்.
அவளுக்கு நெல் அவிக்கும் இடத்தில் ராத்திரி வேலை.
ஷிப்டு முடிந்து ஓடி வருவாள்,
குடம் குப்புறக் கிடக்கும்.
நானும் தள்ளியிருக்கிறேன்.
ஒருதரம் அல்ல.

தவக்காலம் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை.
என் மூன்று குடமும் நிரம்பிவிட்டன.
அடுத்தது அவளுடையது,
விளிம்பு உருகின பச்சை பிளாஸ்டிக் குடம்.
பம்பில் இன்னும் பாரம் இருந்தது.
கை தானாகப் போனது என்றால் பொய்.
நான்தான் அனுப்பினேன்,
பள்ளிக்கூடத்துக்கு அடம்பிடிக்கிற பிள்ளையை
இழுத்துக்கொண்டு போவதுபோல.
அன்பெல்லாம் இல்லை.
நாற்பத்திரண்டு அடி. எண்ணினேன்.
அடிக்கு ஒரு வசவு.
இருபதுக்கு மேல் திட்ட மூச்சு இல்லை,
மிச்சத்தைச் சும்மா அடித்தேன்.

அவள் வாசலில் வைத்து, தட்டால் மூடி,
ஆடு தள்ளிவிடாதிருக்க
தட்டின்மேல் ஒரு கல்லும் வைத்துவிட்டு வந்தேன்.
அதற்குப் பிறகு ஒவ்வொரு தண்ணீர் நாளும்.

வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியவேண்டாம்
என்றீரே ஆண்டவரே,
அடிபம்புக்கு இரண்டு கையும் வேண்டும்.
வலக்கைக்குத் தெரியும். இடக்கைக்குத் தெரியும்.
தோள்பட்டைக்கு ரொம்ப நன்றாகவே தெரியும்.
வள்ளிக்கண்ணுக்கு மட்டும் தெரியாது.

நாத்தனார் செல்லம்மை செய்கிறாள் என்று நினைத்து
ஒரு தூக்குவாளி நிறையச் சீப்புச் சீடை
கொண்டுபோய்க் கொடுத்தாள்.
செல்லம்மையும் வாங்கிக்கொண்டாள்.
எதற்கென்றுகூடக் கேட்கவில்லை.
என் கண்ணெதிரே ஒன்றை எடுத்துக் கடித்தாள்.
அந்தச் சத்தம்!
அன்றைக்குத்தான் எனக்குத் தவக்காலம் தொடங்கியது.
நாக்கு நுனிவரை வந்துவிட்டதை
எச்சிலோடு விழுங்கினேன்.
மீனை விடுவது சுலபம், பிரகாசி.

குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் காய்ச்சல்.
எழுந்திருக்க முடியவில்லை.
பம்பு அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.
என் குடங்களை முதலில் யார் தள்ளியிருப்பார்கள் என்று
ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன்.
ஒரு வீட்டையும் விடவில்லை.

வெயில் ஏறிக் கதவைத் திறந்தால்
மூன்று குடமும் வாசலில்.
ஒவ்வொன்றின் மேலும் தட்டு.
தட்டின்மேல் கல்.
ஆட்டின் குணம் தெரிந்த யாரோ.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.
யாரென்று தெரியாததால்
இப்போது தெருவில் எல்லோரையும் பார்த்துச்
சிரிக்க வேண்டியிருக்கிறது,
செல்லம்மையைக்கூட.