பத்தொன்பது

கெய்யோன் துறைமுகத்து மாடியறை.
ஆறு பேர், ஒரு ஹீட்டர், ஈரக் கோட்டுகளின் வாடை.
தாள்களை வாங்கி அடுக்குவது என் வேலை.

கேள்வி ஒன்றுதான்:
அடுத்த கோடைக்குள் இந்தக் கால்வாயின் கூண்டுகளில்
சால்மனுக்கு அந்த வைரஸ் வருமா?
நூற்றில் குறைந்தது எவ்வளவு, கூடினால் எவ்வளவு,
மனசு சொல்வது எவ்வளவு.
அடுத்தவர் தாளைப் பார்க்கக் கூடாது.

ஆய்வகத்து ஒயார்சோ ஐந்து என்றெழுதினார்,
கையெழுத்துப் போடுகிற வேகத்தில்.
தடுப்பூசிக் கம்பெனிக்காரர் நாற்பது.
மான்சீயா கோடு கிழித்துவிட்டுச்
சிகரெட் பிடிக்கப் போனார்.

இஸ்மேனியா பார்ரியா
பதினொரு வருஷம் வலைக்கடியில் முக்குளித்து
செத்த மீன் பொறுக்கியவள்.
வலது காது மந்தம்.
கேள்வியை மறுபடி வாசிக்கச் சொன்னாள்.
இரண்டில் தொடங்கி எண்பதில் முடித்தாள்.

இவ்வளவு அகலமா?

"போன தடவையும்
செவ்வாய்க்கிழமை வரைக்கும்
நன்றாகத்தான் தின்றன."

ஒயார்சோ ரப்பரைத் தேடினார்.
ஐந்து, பன்னிரண்டாயிற்று.

சாயங்காலம் கணினி
எல்லோரையும் கலக்கிப் பிழிந்து
பத்தொன்பது என்றது.
அறையில் ஒருவரும் சொல்லாத எண்.
அறிக்கைக்கு அதுதான் போகும்.

திரும்புகையில் படகு கூண்டோரம் வந்தது.
தீவனக் குழாய் இறைக்க இறைக்க
உலைபோலக் கொதித்தது தண்ணீர்.
எத்தனை ஆயிரம் என்றேன்.
இஸ்மேனியாவுக்குக் கேட்கவில்லை.
வலையின் மூலையில்
மேலே வராத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.