எழுநூற்றைம்பது மில்லி

காலை ஐந்தே முக்கால்.
பசுமலையில் கோயில் மணி ஓய்ந்த பிறகும்
காற்றில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.
அவர் இடது கையை நீட்டுகிறார்,
வளையல்காரரிடம் நீட்டுவது போல.
மணிக்கட்டுக்கு மேலே தையல் தழும்பில்
இரண்டு விரல் வைக்கிறேன்.
உள்ளே ஒரு வண்டு.
"ஓடுது" என்கிறேன்.
"ஸ்தோத்திரம்" என்கிறார்.

இந்த ஒரு சொல்லோடுதான்
எனக்கு மூன்று வருஷமாகத் தகராறு.

பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லி.
காப்பி அதில் சேரும். ரசம் சேரும்.
மாத்திரை விழுங்கும் மடக்கும் சேரும்.
தார் இளகிச் செருப்பைப் பிடித்திழுக்கும் சித்திரையில்,
ஊரே சர்பத் கடையில் நிற்கும் மத்தியானத்தில்,
என் வீட்டில் ஒருவர்
ஐஸ்கட்டி ஒன்றை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு
கண்ணை மூடி
அதையே சொல்கிறார்.

எதுக்கு, என்று கேட்டேன் ஒருநாள், சண்டைக் குரலில்.
"கப்பலூர் மில்லுல இருபத்திரண்டு வருஷம்
குழாயில வாய வச்சுக் குடிச்சேன்.
தண்ணிக்கு ருசி இருக்குன்னே தெரியாது."
எனக்கு ஆத்திரம்தான் கூடியது.
சில பதில்கள்
சரியாக இருப்பதாலேயே எரிச்சலூட்டுகின்றன.

செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரி.
பாலத்தின் மேல் பஸ் முக்கி முனகி நிற்கையில்
கீழே வைகை:
மணல், நாணல், இரண்டு கழுதை,
நடுவில் கோடு கிழித்தாற்போல் தண்ணீர்.
ஆற்றுக்கும் யாரோ அளந்து ஊற்றுகிறார்கள்.
அவரிடம் சொல்லவில்லை. சிரித்துவிடுவார்.

நாலு மணி நேரம்
ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டு வரும்.
மேலூர்க்காரம்மா எனக்கு இட்லி தருவாள்,
நான் அவளுக்கு மிளகாய்ப்பொடி.
பக்கத்துக் கட்டில் உசிலம்பட்டிப் பையன்
போன மாதம் ஒரு வெள்ளியன்று வரவில்லை.
அடுத்த செவ்வாய் அந்தக் கட்டிலில்
வேறு கால்கள் தெரிந்தன.
யாரும் யாரையும் கேட்கவில்லை.
அன்றைக்கு மட்டும் அவரும்
அந்தச் சொல்லைச் சொல்லாமல்
போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.
எனக்கு, கேவலம்,
ஜெயித்தாற்போல் இருந்தது.
ஒரு நிமிஷம்.

ஞாயிற்றுக்கிழமை காணிக்கை உறை கொடுத்தார்கள்.
பெயர். தொகை. காரணம்.
முன் பெஞ்சில் ஒருவர்
போர் போட்டதில் நானூறு அடியில் தண்ணீர் வந்ததற்காக
ஐநூறு வைத்தார்.
நான் பெயர் எழுதினேன். முப்பது எழுதினேன்.
காரணத்தில் பேனா நின்றது.
எதை எழுதுவது?
வண்டு என்றா?
பிரசங்கம் முடிந்து பை வந்துவிட்டது,
அப்படியே போட்டேன்.

செயலர் சாலமோன் பாக்கியம் ஐயா
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்:
"திருமதி கிரேஸ்கனி அருமைநாயகம், முப்பது ரூபாய்…"
உறையைத் திருப்பினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.
"காரணம்… கர்த்தர் அறிவார்."
அவராகவே சேர்த்துக்கொண்டது.
அறிந்தால் எனக்கும் சொல்லட்டும்
என்று நினைத்தபடி ஆமென் சொன்னேன்.

இன்று சனிக்கிழமை.
நேற்றைய அசதியில் அவர் எழவில்லை.
மணி அடித்தது. ஓய்ந்தது.
கட்டிலுக்கு வெளியே தொங்கிய கையில்
விரல் வைத்தேன்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு அரை விரல்கடை மேலே தள்ளி வைத்தேன்.
வண்டு.

"ஓடுது" என்றேன்.
பதிலுக்கு ஆள் இல்லை.
மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியது.
அறை காத்திருந்தது,
பாதி வாக்கியத்தோடு நிற்கிற பிள்ளையை
வாத்தியார் பார்த்துக்கொண்டிருப்பது போல.

தெருமுனையில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.
குடங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம்.
கேன்வாலி, காலிக்குடம், நைட்டிக்கு மேல் துண்டு.
வாசல்படியில் ஒரு கால் வைத்தவள்
திரும்பினேன்.

சொல்லிவிட்டுத்தான் போனேன்.
அவருக்குத் தெரிய வேண்டாம்.