ஐட்டம் பதினேழு

விண்ட்ஹூக்கில் டெண்டர் திறந்த அன்று நான் அங்கே இல்லை.
நாலு உறைகள் வந்ததாம். எங்களுடையதுதான் குறைவு,
கிலோமீட்டருக்குப் பதினோரு டாலர் வித்தியாசத்தில்.
முதலாளியம்மா எம்பாயேவா கேக் வெட்டினார்.
அந்தப் பதினோரு டாலர் எதில் குறைந்ததென்று
எனக்குத் தெரியும்:
என் உதவியாள் ஃபெஸ்டஸ்.

ஆகவே தனியாகப் போகிறேன்.
முன்னால் மஞ்சள் கிரேடர், பின்னால் தண்ணீர்த் தொட்டி,
அதற்கும் பின்னால் நான் தூங்குகிற கேரவன்,
ரயில் விளையாடும் பிள்ளைகள் போல
சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு.
நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
போக நாலு நாள், வர நாலு நாள்.

ஃபெஸ்டஸ் இருந்தபோது பிளேடுக்கு முன்னால் நடந்து
பெரிய கற்களைப் பொறுக்கி வீசுவான்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு மச்சான் பெயர் சொல்லித் திட்டி.
அவனுக்கு ஏழு மச்சான்கள்.
இப்போது கல்லுக்குப் பெயர் இல்லை.
பிளேடில் இடிக்கும்போது என் பற்கள் கிட்டிக்கின்றன,
அவ்வளவுதான்.

டயர்கள் ஓடி ஓடி மண் மடிப்பு மடிப்பாக எழும்.
தகரத்தாள் என்போம்.
நான் இழைத்துச் சமன் செய்கிறேன்.
ஆட்டுப் பண்ணைக்காரர் மகளை விடுதியில் விட
எண்பதில் பறக்கிறார், கையசைக்கிறார்,
அவர் கிளப்பிய தூசி அடங்குமுன்னே
முதல் மடிப்பு விழுந்துவிடுகிறது.
குறையாகச் சொல்லவில்லை.
மடிப்புதான் எனக்குச் சோறு.

இரவில் இழைத்த இடத்தில் முதலில் நடப்பவை நரிகள்.
விடிந்ததும் நடுவழியே நேர்கோடாகக் கால்தடம்.
போக்குவரத்துக் கணக்கெடுப்பில்
அவற்றைச் சேர்ப்பதில்லை.

காசு வருவது இப்படி:
ஆணையத்திலிருந்து மாதம் ஒருமுறை ஷிவூட்டே,
பிக்கப்பின் டாஷ்போர்டில் மூடியில்லாத காபிக் கோப்பை.
படிவத்தில் 'பயண வசதி: ஒன்று முதல் ஐந்து வரை' என்றுதான் இருக்கிறது.
ஆனால் அவர் இறங்கும்போது சட்டையைப் பார்த்தே
என் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுவேன்.

எழுபத்தொன்றாவது கிலோமீட்டரில் போனுக்கு
ஒரு கோடு கிடைக்கும். கேபின் கூரையில் ஏறினால் இரண்டு.
எங்கே இருக்கிறாய், என்கிறாள் லுக்ரேஷியா.
எழுபத்தொன்று.
போன வாரமும் அதைத்தானே சொன்னாய்.

அவளிடமும் சொல்லாத ஒன்று:
நான் வேலைக்கு வந்தபோது இந்தச் சரளை
முக்கால் சாண் கனம்.
ஒவ்வொரு முறை இழைக்கும்போதும் கொஞ்சம் ஓரத்துக்குப் போகிறது,
கொஞ்சம் காற்றோடு, கொஞ்சம் யாரோ ஒருவரின் முன்கண்ணாடிக்கு.
போன மாதம் ஆணி அடித்துப் பார்த்தேன். ஒரு விரற்கடை.
எண்பத்து மூன்றுக்கு அப்பால் அதுவும் இல்லை,
முழங்கை கிழிந்த சட்டையில் தோல் தெரிவது போல
வெளிறிய சுண்ணாம்பு மண்.
பராமரிக்கப் பராமரிக்கக் குறைகிறது சாலை.

ஒப்பந்தத்தில் இருக்கிறது.
ஐட்டம் பதினேழு: புதுச் சரளை பரப்புதல்.
விலை போட்டிருக்கிறது, தட்டச்சுப் பிழையும் இல்லை.
அளவுக் கட்டத்தில் மட்டும் பூஜ்யம்,
புள்ளிக்குப் பிறகும் இரண்டு பூஜ்யம்.

ஷிவூட்டேயைக் கூட்டிப் போய்க் காட்டினேன்.
அன்று அவர் சட்டையில் கறை இல்லை, ஐந்துக்கு ஐந்து.
குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
பிறகு ஆணியைப் பிடுங்கி,
யார் டயரிலாவது ஏறிவிடும் கோட்ஹார்ட், என்று
என் கையில் கொடுத்தார்.

அடுத்த சுற்றில்
எண்பத்து மூன்றிலிருந்து எண்பத்தொன்பது வரை
பிளேடை அரை அங்குலம் தூக்கிக்கொண்டு போனேன்.
தொலைவிலிருந்து பார்த்தால் வேலை செய்வது போலத்தான் இருக்கும்.
மடிப்பு அப்படியே நின்றது. மிச்சச் சரளையும் நின்றது.
காபி சிந்தியது.
ஆறு கிலோமீட்டருக்குப் பிடித்தம்.

முதலாளியம்மா கூப்பிட்டார். கூரையில் நின்று பேசினேன்.
பிளேடு தேய்ந்துவிட்டது, என்றேன்.
மறுவாரமே புதுசு அனுப்பிவிட்டார்,
நல்ல எஃகு, எண்ணெய்த் தாளில் சுற்றியது.
கேரவனுக்கு அடியில் கிடக்கிறது.
தாளை இன்னும் பிரிக்கவில்லை.