மோர் வண்டி

சவூதியை விட்டு வெளியேறிய முத்திரை
மாலை நாலு பத்துக்கு விழுந்தது.
பஹ்ரைன் உள்ளே விடும் முத்திரை
இன்னும் விழவில்லை. மணி ஒன்று.
ஒன்பது மணி நேரமாக நான்
எந்த நாட்டிலும் இல்லை.

கடலில் மண் கொட்டி எழுப்பிய தீவு.
எனக்கு முன்னால் நூற்றுப் பதினோரு லாரி.
எண்ணினேன், வேறென்ன வேலை?
என் பெட்டியில் இருபத்திரண்டு பேலட் மோர்.
நாலு டிகிரி தாண்டினால் மோர் பாழ்,
பிடித்தம் என் சம்பளத்தில்.
அதனால் குளிர்பெட்டி இரவெல்லாம் உறுமும்.
ஓட்டுகிறவன் கேபினில் ஏசி ஓடாது;
டீசலுக்குக் கணக்குக் கேட்பார்கள்.
மோருக்குத்தான் மரியாதை.

முன்வண்டி குல் ஜமான், பெஷாவர்க்காரர்,
சக்கரத்தோரப் பெட்டியைத் திறந்து
அடுப்பைப் பற்றவைத்தார்.
வெங்காயம் அவருடையது, தக்காளி என்னுடையது,
முட்டை யாருடையது என்று தெரியவில்லை.
பில் இல்லாமல் சீல் இல்லாமல்
அன்று எல்லை கடந்தது அது ஒன்றுதான்.

இரண்டரைக்குச் சுங்கம்.
இளம் அதிகாரி, கண்ணில் தூக்கம்,
காகிதத்தை விளக்குக்கு நேரே பிடித்தார்.
இருபத்திரண்டா, இருபத்துமூன்றா?
அரபி எழுத்தில் இரண்டுக்கும் மூன்றுக்கும்
ஒரு பல்தான் வித்தியாசம்.
எங்கள் ஆபீஸ் பிரிண்டருக்கு மை போதாது.
அந்தப் பல் இருக்கிறதா
விழுந்துவிட்டதா என்று
மூன்று பேர் கூடிப் பார்த்தார்கள்.
பிறகு சீலை வெட்டினார்கள்.

கதவு திறந்ததும் குளிர் இறங்கி
எங்கள் கால்களுக்கிடையில் நடந்து போனது.
அவர் ஒருமுறை எண்ணினார்,
நான் ஒருமுறை, மறுபடி அவர்.
இருபத்திரண்டு.
"மாலிஷ்" என்றார். பரவாயில்லையாம்.
குளிர்மானி ஆறு புள்ளி ஒன்றில் நின்றது.

அப்புறம் ஆளுக்கான ஜன்னல்.
"பிஷாந்தி!"
எழுந்து போனேன்.
பிச்சாண்டி என் அப்பா.
பள்ளிக்கூடத்தில் நான் பி. வெயிலுகந்தான்.
அந்தப் புள்ளியை விரித்து எழுதிய ஏஜென்ட்
அப்பாவை முன்னால் நிறுத்திவிட்டான்.
முதல் தடவை திருத்தப் பார்த்தேன்:
அது அவர், இது நான்.
பின்னால் வரிசை ஹாரன் அடித்தது.
இப்போதெல்லாம் கூப்பிட்டால் போய்விடுவேன்.

கண்ணாடி மேல் நாலு விரல் வைத்தேன்.
"கடைசியாக எப்போது வந்தாய், பிஷாந்தி?"
"செவ்வாய்க்கிழமை."
திரையைப் பார்த்தார், தலையாட்டினார்,
முத்திரை விழுந்தது.
சாத்தூர் தாண்டினால் பஸ்ஸில் வாந்தியெடுப்பவர்,
பாஸ்போர்ட் ஆபீஸ் எந்தத் தெரு என்றறியாதவர்,
இருநூற்றுப் பதினேழாவது முறையாக
அந்நிய நாட்டுக்குள் நுழைந்தார்,
இரவு மூன்று பத்துக்கு,
இருபத்திரண்டு பேலட் மோருடன்.

ஊரில் விடிந்திருக்கும்.
போனில் அவர் குரல் வந்து கிடந்தது:
"ஏலே, போய்ச் சேந்துட்டியா?"
"சேந்துட்டீகப்பா" என்று பேசி அனுப்பினேன்.
புரிந்திருக்காது.

கிடங்கில் கம்பி விட்டுப் பார்ப்பார்கள்.
நாலுக்கு மேல் இருந்தால் வாங்கமாட்டார்கள்.
பாலம் இறங்கியதும் ஓரங்கட்டி
முள் இறங்கக் காத்திருக்கிறேன்.
ஐந்து புள்ளி நாலு.
ஐந்து.
கிழக்கே கடல் வெளுக்கிறது.
பெயரில் இருக்கிறது, வெயிலுக்கு உகந்தவன் என்று.
வண்டியில் இருப்பதோ மோர்.