பத்து கிராம் நரம்பு

கண்ணை மூடுங்கள் என்றேன்.
மூடிக்கொண்டார் ருத்தேரு.
தாராவா மருத்துவமனை, வெள்ளிக்கிழமை,
கால் பார்க்கும் வரிசையில் பதினான்காவது ஆள்.
என் கையில் ஒரு துண்டு நைலான்.
பாதத்தில் ஊன்றினால்
பத்து கிராம் பாரத்தில் வளையும்,
அவ்வளவுதான் அதன் வித்தை.
நரம்பைச் சோதிக்க ஒரு நரம்பு.
தொட்டது தெரிந்தால் ஆம் சொல்லுங்கள்.

இடது கட்டைவிரல். ஆம்.
விரலடி மேடு. ஆம்.
குதிகால். ஆம்.
முப்பது வருடமாகச் சூரை பிடிப்பவர்,
அலைக்கும் அலைக்கும் நடுவே எண்ணத் தெரிந்தவர்.
நான் கையைப் பின்னுக்கு இழுத்துச்
சும்மா இருந்தேன்.
ஆம், என்றார்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு பன்றி உறுமியது.
ஆம், என்றார் மறுபடியும்.

யாரும் தொடவில்லையே என்றேன்.
கண் திறக்காமலே சிரித்தார்.
பிறகு சிரிப்பு மட்டும் போயிற்று.

தெரேசியாதான் பேசினாள், கதவோரம் நின்றபடி.
ராத்திரியில் ஐந்து தடவை எழுந்து போகிறார்.
குடம் காலியாகிறது, தாகம் ஆகவில்லை.
இடுப்பு வாரில் புதிதாக இரண்டு துளை போட்டோம்,
கடலில் உழைப்பு, அதான் இளைக்கிறார் என்று.
ஒதுங்குகிற சுவரோரம் எறும்பு மொய்த்தபோது
மருந்து தெளித்தேன்,
எறும்புக்கு.

நைலானை வாங்கி விரலில் சுற்றினார் ருத்தேரு.
"இதைவிட மெல்லிசில் பிடித்திருக்கிறேன்.
அறுபது பாகம் ஆழத்தில்
இரையைத் தின்னாமல் உரசிப் போகிற மீனும்
இந்த விரலுக்குத் தெரியும்."
தெரியும். விரலுக்குத் தெரியும்.
பாதம்தான் கப்பல் போகாத தீவாகிவிட்டது.

வலது காலை விளக்கடியில் தூக்கினேன்.
சுண்டுவிரலுக்குக் கீழே கறுப்பாய் ஒரு புள்ளி.
கழுவினேன், போகவில்லை.
இடுக்கியில் வந்தது தூண்டில் முனை,
துருவேறி, அரை அங்குலம்.
தெரேசியா விரல்விட்டு எண்ணினாள்.
போன வாரம் புதன்கிழமை படகில் ரத்தம் கிடந்தது,
மீனுடையது என்று அலசி ஊற்றினேன்.
ஒன்பது நாள்.
ஒன்பது நாளாகத் தூண்டிலில் மாட்டியிருந்தவர்
ஒருமுறைகூடத் துள்ளவில்லை.

சீழ் எலும்புவரை போகவில்லை.
அடுத்த வார்டில்
முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாய்க் கிடப்பவர்களை
அவர் பார்த்தார்.
நான் பார்க்கச் சொல்லவில்லை.

செருப்பு, பவளத்திட்டில் இறங்கும்போதும்.
போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள்.
விரலிடுக்கில் ஈரம் விடாதீர்கள்.
வெந்நீரின் சூடு கை பார்க்கட்டும், கால் வேண்டாம்.
சோறு பாதி. டீயில் சர்க்கரை கிடையாது.
மீனை விற்று டின் இறைச்சி வாங்காதீர்கள்.
மாத்திரையை நிறுத்தாதீர்கள், உடம்பு நன்றாயிருந்தாலும்.
எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன், என் தப்பு.
அவர் கேட்டது ஒன்றுதான்:
"உள்ளங்காலை எப்படிப் பார்ப்பது?"

அடுத்த மாதம் ஓத நேரம் எழுதும் நோட்டோடு வந்தார்.
ஏற்றம், வற்றம். பக்கத்திலேயே
தெரேசியாவின் கையெழுத்தில் ரத்தச் சர்க்கரை,
ஏறிய காலை, இறங்கிய காலை.
நடுவில் பதினொரு கட்டம் காலி.
சோதனைப் பட்டை தீர்ந்திருந்தது, கப்பல் வரவில்லை.
அந்தக் காலிக் கட்டங்களில்
ஆளுக்கொரு சின்னப் பாதம் வரைந்திருந்தார்,
உடைந்த மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தினமும் பார்த்து.
எட்டாம் பாதத்தில் ஒரு கீறல்,
பத்தாவதில் அது இல்லை.

கண்ணை மூடினார்.
கட்டைவிரல். ஆம்.
விரலடி மேட்டில் ஊன்றினேன், நரம்பு வளைந்தது.
அவர் வாய் திறக்கவில்லை.
பன்றி உறுமியது,
அப்போதும் திறக்கவில்லை.
அட்டையில் பெருக்கல் குறி போட்டேன்,
பேனா உரசியது கேட்டிருக்கும்.

"தொட்டாயா?"
தொட்டேன்.
"எந்த இடம் என்று தெரேசியாவுக்குக் காட்டு."