ஒன்பதாம் கட்டம்

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
பத்திரம் எழுதும் கடை, என் மேசை.
பாறசாலை ரதீஷ் தோள்பையில் இரண்டு பிரெய்ல் திரை கொண்டுவந்தான்.
சாயா ஆறும்வரை மலையாளத்தில் விலை சொன்னான்.

புதியது பதினான்கு கட்டம்.
இந்த ஊர்ப்பெயருக்கே பன்னிரண்டு போய்விடுகிறது.
'வடக்கே செபமணி வகை ரப்பர்' என்று தொடங்கினால்
விற்றாரா வாங்கினாரா தெரிய
எத்தனை தடவை அமுக்க?
நம் வினைமுற்று
கடைசி பஸ்ஸில்தானே வரும்.

நாற்பது கட்டத்தை நான் கேட்கவேயில்லை.
அந்த விலைக்கு
அரை சென்ட் மனை முடிக்கலாம்.

பழையது இருபது. பாதி விலை.
எல்லாப் புள்ளிகளையும் எழுப்பிவிட்டான்.
ஆறு, ஆறு, ஆறு என்று போன விரல்
ஒன்பதாம் கட்டத்தில் நின்றது.
நான்காம் புள்ளி எழவில்லை.

அவன் விரலும் தேடிவந்து
என் விரலை இடித்தது.
"ழ" என்றேன்.
"ழ தன்னே" என்றான்.
அவன் மொழிக்கும் அதே ஐந்து புள்ளி.

பிறகுதான் சொன்னான்:
அங்கே ப வந்தால் ல ஆகிவிடும்.
அடித்துப் பார்த்தேன்.
கிழக்கு வேலியோரம்
லலா மரம் இரண்டு.

சிரித்து முடித்து
முன்பணம் எண்ணினேன்.
ஒன்பதாம் இடத்து ல-வை மட்டும்
ஒரு கட்டம் தள்ளிவைத்து
இன்னொரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும்.